அம்பாசிடர் எஞ்சின் சத்தம்: எதைக் குறைக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

3 பிப்ரவரி 2024, குடியாத்தம் வாசகர் ஒருவர் கேட்டது

என்னிடம் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டாச்சு. அப்படியும் தையல் மெஷின் மாதிரி டேப்பெட் சத்தம். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வைத் தள்ளும் ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே விடும் சந்து, புத்தகத்தில் 15 தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இருப்பதை 10 ஆக்கினேன், பாதி சத்தம் போய்விட்டது. கெட்டி ஆயில் ஊற்றினால் மீதியும் போய்விடும். இதற்குப் போய் ஏன் எல்லாரும் ராக்கரைக் கழற்று, செயினை மாற்று என்று சுற்றி வளைக்கிறீர்கள்?

3 பிப்ரவரி, இரவு

பத்து வேண்டாம். இன்றைக்கே 15-க்குத் திருப்பி வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

எக்ஸாஸ்ட் வால்வின் தலை ஓட்டத்தில் 700 டிகிரிக்கு மேல் காயும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி இறங்குவது வால்வ் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். சூட்டில் தண்டு நீளும். நீளுவதற்கு இடம் இல்லாவிட்டால் வால்வ் முழுசாக உட்காராது, சூடு இறங்காது, விளிம்பு எரிந்து ஓட்டை விழும். இதில் நம் காலத்துச் சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். இந்த எஞ்சின் ஈயப் பெட்ரோல் காலத்தில் வரைந்தது. ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட்டைக் கடைந்து கடின இரும்பு வளையம் இறக்கவில்லை என்றால், பழைய வார்ப்பிரும்புச் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வ் உள்ளே போகும். வால்வ் உள்ளே போனால் டேப்பெட் இடைவெளி தானாகவே குறையும். 15-ல் வைத்தவருக்குக் கையிருப்பு இருக்கிறது. 10-ல் வைத்தவருக்கு அது சீக்கிரம் கரைந்துவிடும், அதுவும் சத்தமே இல்லாமல்.

எனக்குச் சத்தம் இல்லாத எஞ்சின் மேல் கொள்ளை ஆசை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

4 பிப்ரவரி

எதை வைத்துப் பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆங்கிள் இரும்பில் செய்த ஸ்டாண்டு. ஸ்டாண்டில் பழைய 1489 எஞ்சின், ரேடியேட்டர், பேட்டரி, ஒரு பெட்ரோல் கேன். வண்டி கிடையாது. உதிரிபாகம் பாதி புதுப்பேட்டையில் தேடியது, பாதி வேலூரில் லேத் வைத்திருக்கும் பாய் கடைந்து கொடுத்தது. அந்த எஞ்சினில் ஒவ்வொரு சத்தமாகப் பிடித்துக் குறைத்துப் பார்ப்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலை. ஒன்றை மாற்றினால் மற்றதைத் தொடமாட்டேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

4 பிப்ரவரி, மாலை

முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கழற்றுவது அப்புறம்.

நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். துண்டு, வேட்டி ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லோவில் ஓட விட்டு ராக்கர் கவர், பக்கத் தகடு, முன்னால் டைமிங் கவர், கீழே ஆயில் தேங்கும் சம்ப் என்று வரிசையாகப் போங்கள்.

வால்வ் ஒவ்வொன்றும் கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் திறக்கும். ஸ்லோ 800 என்றால் ஒரு வால்வ் நிமிஷத்துக்கு 400 தடவை தட்டும், நொடிக்கு ஏழுக்குப் பக்கம். எட்டு வால்வும் ஒரே அளவில் தட்டினால் நொடிக்கு ஐம்பதைத் தாண்டும், காதுக்கு அது ஒரே இழையாகத்தான் கேட்கும். எண்ணிவிடலாம் போல் தனியாக டிக் டிக் என்று வந்தால் ஒரே ஒரு வால்வ் மற்றவற்றைவிட லூஸாக இருக்கிறது. ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு, ஸ்லோவில் ஓடும்போதே ஒவ்வொரு ராக்கர் அடியிலும் இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் தகட்டைச் செருகுங்கள். எதில் செருகும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான்.

பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது, காலையில் கேட்கும், எஞ்சின் காய்ந்ததும் அடங்கும். பிக் எண்ட் (கன்ராட் கிராங்க்கைப் பிடிக்கும் பேரிங்) தட்டுவது அதற்கு நேர் எதிர்: சூடேறி ஆயில் நீர்த்த பிறகு, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கீழேயிருந்து வரும். அந்த சிலிண்டரின் பிளக் ஒயரை எர்த் செய்து நெருப்பை நிறுத்தினால் சத்தம் இறங்கும். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் அதைவிடக் கனமாக, வயிற்றில் உணர்வது மாதிரி வரும். இந்த இரண்டில் எது கேட்டாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். அதற்கு மேல் சோதனை எல்லாம் வேண்டாம்.

5 பிப்ரவரி

நேற்று எழுதியதற்கு முன்னால் வைக்க வேண்டிய ஒன்று விட்டுப்போனது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் ஓட்டுங்கள். வாட்டர் பம்ப் பேரிங், டைனமோ புஷ் எல்லாம் அந்த அரை நிமிஷம் வாயை மூடும். சத்தம் போய்விட்டால் எஞ்சினைத் தொடவே தேவையில்லை. எத்தனை பேர் ஹெட்டைக் கழற்றிய பிறகு வாட்டர் பம்ப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

அதே மாதிரி மேனிஃபோல்ட் கேஸ்கட். எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் ஊதினாலும் அச்சு அசல் டேப்பெட் மாதிரியே டிக்கும். புகைபிடித்த கறுப்புக் கோடு கேஸ்கட் ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5 பிப்ரவரி, இரவு

குடியாத்தத்துக்காரர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "10-ல் சத்தம் குறைந்தது உண்மைதானே, பொய் சொல்லுமா காது?" காது பொய் சொல்லவில்லை. ஏன் குறைந்தது என்பதுதான் விஷயம்.

வால்வைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்டின் மூக்கு சட்டென்று எழும்பாது. வட்டத்திலிருந்து மூக்குக்கு ஏறும் இடத்தில் மிக மெல்லிய சரிவு ஒன்று கடைந்திருப்பார்கள். டேப்பெட்டின் இடைவெளி அந்தச் சரிவில் மெதுவாக மூட வேண்டும், அதன் பிறகு வால்வ் வேகமாகத் திறக்க வேண்டும். மூடும்போதும் அப்படித்தான். வால்வ் மெதுவாகச் சீட்டைத் தொட்ட பிறகுதான் இடைவெளி விரியும். அந்தச் சரிவு இவ்வளவு தவ் இடைவெளிக்கு என்று கணக்குப் பண்ணி வரைந்தது. இடைவெளி 20, 22 என்று போனால் சரிவு முடிந்து வேகம் பிடித்த இடத்தில் இரும்பும் இரும்பும் மோதும். அந்த மோதல்தான் சத்தம். 15-ல் சரிவுக்குள் இருக்க வேண்டிய எஞ்சின் அவ்வளவு தட்டுகிறது என்றால், என் சந்தேகம், அங்கே இருப்பது 15-ஏ இல்லை.

6 பிப்ரவரி

நேற்றைய கடைசி வரியைப் பற்றித்தான் இன்று முழுக்க. இந்த விஷயத்தில் என் கையில் கிடைத்த மிக உருப்படியான உண்மை இதுதான்.

ராக்கரைக் கழற்றித் திருப்புங்கள். வால்வ் தண்டைத் தொடும் முனையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். பல வருஷம் ஓடிய ராக்கரில் அங்கே தண்டின் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் அடி பளபளவென்று இருக்கும், இரு பக்கமும் தேயாத கரை மங்கலாக நிற்கும். நகத்தை ஓட்டினால் படியில் தட்டும். ஃபில்லர் கேஜ் தகடு தண்டைவிட அகலம். அது அந்த இரண்டு கரையிலும் உட்காரும், பள்ளத்துக்குள் இறங்காது. தகடு 15 என்று சொல்லும். பள்ளம் 6 தவ் என்றால் உண்மையான இடைவெளி 21.

அதாவது நம் வாசகர் 10 என்று வைத்தபோது அவர் எஞ்சினில் இருந்தது ஒருவேளை 15, 16. காதுக்கு நிம்மதி வந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். அதற்காக 10-ஐ அப்படியே விட்டுவிட முடியாது. எட்டு ராக்கரும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. ஆறு தவ் தேய்ந்ததில் சரியாக இருக்கும், தேயாததில் வால்வ் எரியும்.

வழி இரண்டு. டயல் கேஜ் வைத்து ராக்கர் முனையின் அசைவை நேராக அளப்பது ஒன்று. ராக்கர் முனையை கிரைண்ட் செய்து பள்ளத்தை எடுத்துவிடுவது இன்னொன்று. பாய் இதற்கு ஒரு ஜிக் வைத்திருக்கிறார், ராக்கரை அதன் துளையிலேயே சுழல விட்டு முனையின் வளைவு கெடாமல் அரைப்பார். கையால் அரத்தில் தேய்க்காதீர்கள், வளைவு போய்விடும், முனையின் கடினத் தோலும் போய்விடும். "மெல்லிசா எடுப்பேன் தம்பி, தோலு போச்சுன்னா ராக்கர் போச்சு" என்பார் பாய். அவர் நேர்த்திக்கு நான் உத்தரவாதம்.

ராக்கர் ஷாஃப்டையும் அதே நேரம் உருவிப் பாருங்கள். மேல் பக்கம் புதிது மாதிரி இருக்கும், அடிப்பக்கம் ஒவ்வொரு ராக்கருக்கும் நேராகப் படிப்படியாகத் தேய்ந்திருக்கும். சுமை கீழிருந்துதான் விழுகிறது. தேய்ந்த ஷாஃப்டில் எத்தனை தடவை டேப்பெட் செட் செய்தாலும் நிற்காது.

6 பிப்ரவரி, இரவு

செட் செய்யும் வரிசை தெரியாதவர்களுக்கு: முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் போடுங்கள். ஒன்பது கணக்கு. 8 முழுசாகத் திறந்து நிற்கும்போது 1-ஐ செட் செய்யுங்கள். 6 திறந்தால் 3. 3 திறந்தால் 6. கூட்டினால் எப்போதும் 9. நாலு சிலிண்டர் எஞ்சினில் இதைவிட லேசான முறை கிடையாது.

8 பிப்ரவரி

ஆம்பூரிலிருந்து ஒருவர் போன் ஆப்பில் டெசிபல் அளந்து அனுப்பியிருக்கிறார். ஒரு வால்வைச் சரிசெய்தாராம், எண் நகரவே இல்லையாம், "அப்ப வேலை வீணா சார்?" என்கிறார்.

வீண் இல்லை. டெசிபல் கணக்கு அப்படித்தான் நடக்கும். ஒரே அளவில் தட்டும் எட்டில் ஒன்றை அடியோடு நிறுத்தினால்கூட 0.6 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது தெரியாது. எட்டில் நாலை நிறுத்தினால் 3. இப்போது வேறு மாதிரி பாருங்கள். ஒரு வால்வ் மட்டும் 80, மற்ற ஏழும் ஆளுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 82 வரும். அந்த ஒன்றை மட்டும் 70-க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 79. ஒரே ஒரு ராக்கரில் மூன்று டெசிபல் கிடைத்துவிட்டது. அதனால் இருப்பதிலேயே பெரிய சத்தத்தை முதலில் பிடிக்க வேண்டும். பெரியதை விட்டுச் சின்னதில் பாடுபட்டால் எண்ணும் அசையாது, காதும் நம்பாது.

அளக்கும்போது போன் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், எஞ்சின் ஒரே ஆர்பிஎம்மில் இருக்கட்டும். என் கொட்டகையில் தகரக் கூரை சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது. போதாக்குறைக்கு காட்பாடி ஜங்ஷனுக்கு வரும் ரயில். அதனால் என் எண்களை உங்கள் எண்களோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய என் எஞ்சினோடு இன்றைய என் எஞ்சினை ஒப்பிட்டால் போதும்.

9 பிப்ரவரி

கெட்டி ஆயில் பற்றிச் சொல்லாமல் விட்டேன். 20W-50 இந்த எஞ்சினுக்குச் சரியான ஆயில். அதற்கு மேல் கெட்டியாக ஊற்றுவது பிக் எண்ட் சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடும், அவ்வளவுதான். விற்கப்போகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் ராக்கர் ஷாஃப்ட் வரை ஏற நேரமாகும், அந்த நேரத்தில் தேயும். வேலூர் மே மாத வெயிலில் ஆயில் எப்படியும் நீர்க்கும். அப்போது பிரஷர் கேஜ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் பேரிங்கின் உண்மை நிலை.

11 பிப்ரவரி

இனி என் சொந்தச் சோதனைகள். ராக்கர்களை அரைத்து, புது ஷாஃப்ட் போட்டு, எட்டையும் டயல் கேஜில் 15-க்கு வைத்த பிறகு மிச்சம் இருந்த சத்தம் தகடுகளில் இருந்தது.

இந்த எஞ்சினில் மெல்லிய தகடு இரண்டு இடம். மேலே ராக்கர் கவர், பக்கத்தில் டேப்பெட் அறையை மூடும் கவர். உள்ளே தட்டுவது சின்ன இரும்பு. வெளியே காற்றை அசைப்பது அகலமான தகடு. கையை வைத்து அழுத்தினாலே சத்தத்தின் குணம் மாறும், செய்து பாருங்கள், சூடு பார்த்து. ராக்கர் கவரை இரண்டு நட்டு பிடித்திருக்கும், அதனடியில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் யாரோ எடுத்துவிட்டு இரும்பு வாஷர் போட்டு முறுக்கியிருப்பார்கள். அப்போது ஹெட்டின் அதிர்வு முழுக்கத் தகட்டுக்கு நேராகப் போகிறது.

ராணிப்பேட்டை டேனரியில் வேலை பார்க்கும் மச்சான் தோல் துண்டுகள் கொடுத்தார், ரப்பருக்குப் பதில் வாஷராகப் போட்டுப் பார்க்கலாமே என்று. பழைய கார்களில் ஆயில் சீலே தோலில் வந்த காலம் உண்டு, அதனால் யோசனை புதிதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டது ஒன்று, குரோம் ஒன்று. முதலில் இரண்டையும் கொதிநீரில் போட்டோம். டேனரியில் குரோம் தோல் சரியாகப் பதமாகியிருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகச் செய்வதுதான். ஆவாரம்பட்டைத் தோல் கண்ணெதிரே சுருண்டு, பாதி அளவாகி, விறைத்துவிட்டது. குரோம் தோல் போட்டது போட்டபடி கிடந்தது. அதனால் குரோமில் வாஷர் வெட்டினோம்.

சத்தம் இறங்கியது, நன்றாகவே இறங்கியது. ஆனால் தோல் ஆயிலை உறிஞ்சி ஸ்டட் வழியாகக் கசிய ஆரம்பித்தது. இப்போது நைட்ரைல் ரப்பர் புஷ், தடித்த கார்க் கேஸ்கட். கவரின் உள்பக்கம் எதையும் ஒட்டாதீர்கள், பிய்ந்தால் ஆயில் வழியை அடைக்கும். பக்கக் கவரின் வெளிப்பக்கம் தார் ஷீட் ஒட்டியிருக்கிறேன். மலிவு, அழகில்லை, பலன் உண்டு.

13 பிப்ரவரி

ஹைட்ராலிக் டேப்பெட் ஏன் போடக்கூடாது என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்கிறார். பழைய யோசனைதான் தம்பி. பிரான்சில் அமெதே பொல்லே 1910 வாக்கிலேயே செய்தார். 1930-ல் காடிலாக் தன் 16 சிலிண்டர் எஞ்சினில் ஆயில் அழுத்தத்தை வைத்து வால்வ் இடைவெளியே இல்லாமல் செய்தது. நம் எஞ்சினில் அதைச் செய்ய பிளாக்கில் டேப்பெட் துளைகளுக்கு ஆயில் வழி துளைக்க வேண்டும், கேமையும் மாற்ற வேண்டும். கேம் சரிவு இடைவெளிக்கென்று வரைந்தது என்று மேலே சொன்னேன். உங்களிடம் கெட்டுப்போன பிளாக் ஒன்று இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். நல்ல பிளாக்கில் துளை போட எனக்கு மனசு வராது.

16 பிப்ரவரி

டைமிங் செயின். ஆக்சிலேட்டரை விட்டதும் முன்னாலிருந்து சரசரவென்று வந்தால் அதுதான். ஆயில் அழுத்தத்தில் தள்ளும் டென்ஷனரின் ரப்பர் முகத்தில் செயின் இரண்டு தடம் பதித்திருக்கும். அதை மாற்றாமல் செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய தடத்தில் ஓடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இதே குடும்பத்தின் சின்ன ஏ சீரிஸ் எஞ்சினில் கேம் சக்கரத்தின் பல் ஓரத்திலேயே ரப்பர் வளையம் வைத்தார்கள், செயின் அதன்மேல் உட்காரும்படி. எளிய, அழகான வேலை.

செயினே சத்தம் என்று 1895-லேயே ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் பல் வைத்த சைலன்ட் செயினைச் செய்தார். ஃபோர்டு 1928-ல் மாடல் ஏ-வுக்குக் கேம் கியரை பேக்கலைட் ஊறவைத்த துணியில் செய்தது, இரும்பும் துணியும் கடித்தால் சத்தம் வராது என்று. பல் சாய்வாகவும் வெட்டியிருந்தார்கள். அப்படி ஒன்று பாயிடம் வெட்டச் சொல்லலாமா என்று மாடல் ஏ வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். வெட்டலாம். ஆனால் துணி கியர் எச்சரிக்காது. இரும்பு கியர் தேயும்போது ஊளையிடும், துணி கியர் ஒருநாள் பல்லை உதிர்த்துவிட்டு நடுரோட்டில் நிறுத்தும்.

20 பிப்ரவரி

ஸ்லீவ் வால்வ் பற்றி ஆம்பூர்காரர் கேட்டார். கேட்காமலே எழுதியிருப்பேன்.

சார்லஸ் யேல் நைட், சிகாகோவில் பால் பண்ணைக்காரர்களுக்குப் பத்திரிகை நடத்தியவர். எஞ்சினியர் இல்லை. நாக்ஸ் கார் ஒன்று வாங்கினார். அதன் வால்வ் சத்தம் அவருக்குத் தாங்கவில்லை. எல்லாரும் வால்வின் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தார்கள், இவர் வால்வையே எடுத்துவிட்டார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய். இரண்டும் கிராங்க்கின் பாதி வேகத்தில் மேலும் கீழும் வழுக்கும். குழாய்களில் வெட்டிய ஜன்னல்கள் நேர்கோட்டில் வரும்போது காற்று உள்ளே போகும், புகை வெளியே வரும். கேம் மூக்கு இல்லை, ஸ்பிரிங் இல்லை, சீட்டில் போய் அடிக்கும் எதுவும் இல்லை. 1906-ல் சிகாகோ கண்காட்சியில் வைத்தார். அமெரிக்காவில் யாரும் உடனே வாங்கவில்லை. 1908-ல் இங்கிலாந்தின் டெய்ம்லர் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் ராயல் ஆட்டோமொபைல் கிளப் அந்த எஞ்சினை 132 மணி நேரம் பெஞ்சில் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்து, அப்புறம் புரூக்லண்ட்ஸ் டிராக்கில் ஓட்டி, ட்யூவர் கோப்பையைக் கொடுத்தது. மினர்வா, பனார், மெர்சிடிஸ் என்று பலர் உரிமம் வாங்கினார்கள். வில்லிஸ் நைட் 1933 வரை வந்தது.

அப்புறம் ஏன் செத்தது? ஆயில். குழாயின் உள்ளும் புறமும் ஆயில் வேண்டும், அதில் ஒரு பங்கு எரியும், பின்னால் நீலப்புகை. சூடும் ஒரு காரணம். பிஸ்டனின் சூடு இரண்டு குழாயையும் அவற்றின் ஆயில் படலங்களையும் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக முடியும். மற்ற எஞ்சின்களின் வால்வும் அதற்குள் நல்ல இரும்பு, நல்ல கேம் என்று அமைதியாகிக்கொண்டே வந்தது. என்னைக் கேட்டால் அந்தக் குழாய் எஞ்சின் தோற்றது என்று சொல்லமாட்டேன். கார் சத்தம் போடத்தான் செய்யும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்ததை உடைத்ததே அதுதான்.

அதே சமயத்தில்தான் நம் ஊரில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் பெஷோ கார் ஒன்றில் குடியாத்தம் ரோட்டில் சாலையோர மருத்துவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கார் ஓடிய ரோட்டில் இன்று நம் வாசகர் டேப்பெட் சத்தத்துக்கு வருத்தப்படுகிறார். எனக்கு இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

ஒற்றை சிலிண்டர் பம்ப்செட் எஞ்சினில் குழாய் வால்வ் செய்து பார்க்க ஆசை உண்டு. வார்ப்பு கிடைக்கும், கடையலாம். ஜன்னல் ஓரங்களில் குழாய் வளையாமல் கடைவதுதான் கேள்வி. பாய் "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் ஏற்கனவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

25 பிப்ரவரி

ஸ்டாண்டில் இருந்த எஞ்சினை நண்பர் வண்டியில் இறக்கி ஏலகிரி ஏறினோம். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியரில் சுமையோடு. ஸ்டாண்டில் கேட்காத சத்தமெல்லாம் அங்கே கேட்கும்.

ராக்கர், செயின் இரண்டும் அமைதி. ஆனால் 3000 ஆர்பிஎம் பக்கம் வண்டிக்குள் ஒரு உறுமல், காதை அடைக்கிற மாதிரி. இரும்பு இரும்போடு மோதுவது இல்லை இது. நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும், சரியாகச் சமன் ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. கன்ராட் சாய்வதால் பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் போகிறது. அந்த வித்தியாசம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும். 3000-ல் அது நொடிக்கு 100 அதிர்வு. இங்கிலாந்து எஞ்சினியர் லான்செஸ்டர் இதற்கென்றே இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு எடைத் தண்டு வைத்தார். பல பத்தாண்டு கழித்து மிட்சுபிஷி அதே யோசனையை 1970-களில் மறுபடி எடுத்தது.

நாம் தண்டு வைக்க முடியாது. மவுண்டிங்கைப் பார்க்கலாம். நண்பர் வண்டியில் மவுண்டிங் ரப்பர் ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் பிய்ந்து இரும்பு இரும்பைத் தொடுகிறது. 1931-ல் பிளிமத் கார் எஞ்சினை முன்னால் உயரத்தில், பின்னால் தாழ்வாக ரப்பரில் தொங்கவிட்டு, தன் எடையின் அச்சிலேயே ஆட விட்டது. ஆடுகிற எஞ்சினை ஆட விட வேண்டும், பாடிக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம்.

27 பிப்ரவரி

ரப்பர் மாற்றியாச்சு. உறுமல் மறையவில்லை, பேச்சு கேட்கும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஸ்டாண்டுக்கு ரப்பர் போடாமல் இத்தனை நாள் அளந்ததில் கீழ்ச் சத்தங்களின் அளவை நம்ப முடியாது. ராக்கர், தகடு பற்றி எழுதியவை நிற்கும். சம்ப் பக்கம் பற்றி இனி வண்டியில் கேட்டுத்தான் எழுதுவேன்.

2 மார்ச்

பிஸ்டன் ஸ்லாப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அலுமினியம் பிஸ்டன் வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட அதிகம் விரியும். 73 மில்லி போரில் இரண்டும் நூறு டிகிரி சூடேறினால் நடுவில் உள்ள இடைவெளியில் சுமார் இரண்டரை தவ் குறையும். அதனால் குளிரில் கொஞ்சம் லூஸ் இருந்தே ஆக வேண்டும். மார்கழிக் காலையில் முதல் ஓரிரு நிமிஷம் டொக்கு டொக்கு என்றால் விட்டுவிடுங்கள். அதை நிறுத்த இறுக்கமாக ரீபோர் செய்தால் சித்திரையில் ஜாம் ஆகும்.

கன்ராடை மாட்டும் பிஸ்டன் பின்னை மையத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்த பிஸ்டன் என்றால் அம்புக்குறி முன்பக்கம் இருக்கிறதா என்று மாட்டும்போதே பாருங்கள். திருப்பி மாட்டினால் ஓடும், தட்டிக்கொண்டே ஓடும்.

5 மார்ச்

குடியாத்தத்திலிருந்து நல்ல செய்தி. ராக்கரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். எட்டில் ஐந்தில் பள்ளம், ஒன்றில் நகம் நன்றாகவே தட்டுகிறதாம். அரைக்கக் கொடுத்துவிட்டார். எக்ஸாஸ்ட் சீட்டையும் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

7 மார்ச்

ஆரணியிலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்: "எனக்கும் 15 வைக்கலாமா?" கூடாது. ஹெரால்டுக்கு 10 தவ், குளிர்ந்த நிலையில். அதன் கேம் வேறு, சரிவு வேறு. ஒரு எஞ்சினின் எண்ணை இன்னொன்றுக்கு வைக்கவே வேண்டாம்.

உங்கள் வேலை வரிசை இது: பெல்ட்டைக் கழற்றிக் கேளுங்கள், மேனிஃபோல்ட் ஊதுகிறதா பாருங்கள், ஹெட் நட்டுகளை டார்க் வைத்து முறுக்குங்கள், அதன் பிறகு டேப்பெட். ஹெட்டை முறுக்குவதற்கு முன்னால் டேப்பெட் வைத்தால் இடைவெளி மாறிவிடும், எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கேஸ்கட் புதிது என்றால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இந்த இரண்டையும் இன்னொரு முறை.